ஏறத் துடிக்கும் கொடி: மணி பிளான்ட் கேள்வி–பதில்

மணி பிளான்ட்டைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வளரும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, தாம்பரம்

கேட்டு வாங்கினாலும் வளரும். எந்த வழியில் வந்தாலும் கணு இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். அது தயாராகக் காத்திருக்கும் வேர். அதே கணுவில், இலைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள கக்கத்தில், உறங்கிக் கிடக்கும் ஒரு மொட்டும் உண்டு. வேரும் தளிரும் ஒரே விரற்கடை நீளத்துக்குள் இருப்பதால்தான் ஒரு துண்டை ஒடித்துத் தண்ணீரில் போட்டாலும் புதுச்செடி கிடைக்கிறது.

கணு இல்லாத வெறும் இலையைப் போட்டால் காம்பின் அடியில் வேர்கூட வரும், ஆனால் தளிர் வராது. மாதக்கணக்கில் இலையாகவே நிற்கும். அவசரத்தில் கிள்ளிக்கொண்டு ஓடுகிறவர் கையில் அகப்படுவது பெரும்பாலும் இலைதான். பகலில் போய்க் கேளுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள நல்ல துண்டாகப் பார்த்து அவர்களே வெட்டித் தருவார்கள்.

எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கும் மணி பிளான்ட்டின் இலை உள்ளங்கை அளவு. உறவினர் தோப்பில் ஒரு மரத்தின் மேல் ஏறியிருக்கும் கொடியின் இலையோ முறம் போல இருக்கிறது, ஓரமெல்லாம் கிழிந்து வேறு தொங்குகிறது. அவர் அதையும் மணி பிளான்ட் என்கிறார். நம்பலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

தாராளமாக நம்பலாம். இரண்டும் ஒரே செடி. உங்கள் ஜன்னலில் இருப்பது இன்னும் பருவத்துக்கு வராத செடி. உறவினர் தோப்பில் இருப்பதுதான் வளர்ந்தது.

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் எனக்குச் சலிக்காது. ஏனென்றால், இந்தச் செடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன். எபிப்ரெம்னம் ஆரியம் என்பது இதன் தாவரவியல் பெயர். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் உயரம்வரை ஏறக்கூடிய கொடி இது. தண்டு 4 சென்டிமீட்டர் தடிமன் ஆகும். இலை 100 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் வரை வளரும். நாம் புத்தக அலமாரியில் வைத்துப் பார்க்கிற இதய வடிவ இலை, அதன் இளநிலை இலை. வளர்ந்த கொடியின் இலை ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி ஆழமாகப் பிளந்திருக்கும். காற்று கிழித்ததோ பூச்சி தின்றதோ அல்ல, அது அந்த வயதுக்குரிய வடிவம்.

வயது என்று சொன்னேனே, அதை ஆண்டுக்கணக்கில் எண்ண வேண்டாம். 40 வருடம் பாட்டிலில் இருந்தாலும் இந்தச் செடி இளநிலையிலேயே இருக்கும். செங்குத்தான ஒன்றைப் பற்றி ஏற ஆரம்பித்தால்தான் பருவம் மாறும். ஏற ஏற அடுத்தடுத்த இலை முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாகும், தண்டு தடிக்கும், ஒரு கட்டத்தில் இலை பிளக்கும். இலையின் வடிவமும் அளவும் வாழ்நாளுக்குள் இப்படி மாறுவதைத் தாவரவியலில் இலை வேறுபாட்டு வளர்ச்சி என்பார்கள். உங்கள் ஜன்னல் செடியில் ஒரு துண்டை வெட்டி அந்தத் தோப்பு மரத்தடியில் நட்டால், அதுவும் ஒருநாள் இப்படி ஆகும். அவர் மரத்தின் உச்சியிலிருந்து ஒரு துண்டை வெட்டிவந்து பால்கனியில் தொங்கவிட்டால், அதன் இலைகள் மெல்ல மெல்லச் சிறுத்துப்போகும்.

அதைத்தான் நானும் பார்க்கிறேன். தொங்கு தொட்டியில் வைத்திருக்கிறேன். கொடி கீழே இறங்க இறங்க இலை சிறிதாகிறது, கணுவுக்குக் கணு இடைவெளி கூடுகிறது. உரம் போதவில்லையா?
— வாசகி, மதுரை

உரத்தில் குறை இல்லை, பிடிமானம் இல்லை. கொடி மரத்தைத் தேடுகிறது. மணி பிளான்ட் சேர்ந்த சேம்புக் குடும்பத்தின் ஏறு கொடிகள் பல இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மரத்தின் உச்சிக்குப் போய்ப் பிடி தவறினாலோ, ஏற இடம் தீர்ந்துபோனாலோ, நீளமான மெல்லிய தண்டைக் கீழே விடும். இலைக்குச் செலவழிக்காமல் நீளத்துக்குச் செலவழிக்கும். தரையைத் தொட்டு, ஊர்ந்து, வேறொரு மரம் கிடைத்தால் மறுபடி ஏறி இலையைப் பெரிதாக்கும். உங்கள் பால்கனிக் கொடி அந்தத் தேடலின் நடுவில் இருக்கிறது. நீங்கள் இன்னும் நான்கு பிடி உரம் போட்டால் தேடும் தண்டு இன்னும் நான்கு அடி நீளும், அவ்வளவுதான்.

கண் இல்லாத கொடிக்கு மரம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

அருமையான கேள்வி அம்மா. செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று பாடத்தில் படித்திருப்பாய். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மான்ஸ்டெரா வகை ஒன்றின் நாற்றுகள் தலைகீழாக நடந்துகொள்வதை டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். முளைத்ததும் அந்த நாற்று இருட்டை நோக்கித் தரையில் ஊர்ந்தது. காட்டுத் தரையில் சுற்றிலும் எது மிக இருண்டு தெரியும்? அருகில் இருக்கும் பெரிய மரத்தின் அடிப்பகுதி. இருட்டை நோக்கிப் போனால் மரத்தில் போய் முட்டலாம். முட்டிய பிறகு கொடியின் போக்கு மாறிவிடும், வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும்.

அந்த ஆய்வு மணி பிளான்ட்டில் செய்யப்பட்டதல்ல, அதன் உறவுக்கொடியில் செய்யப்பட்டது. இருட்டை ஒரு திசைகாட்டியாக ஒரு செடி பயன்படுத்தக்கூடும் என்பதை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கும் அப்படி ஆகட்டும்.

இதன் சொந்த ஊர் எது? நர்சரியில் சீனா என்கிறார்கள், என் நண்பர் பிரேசில் என்கிறார்.
— வாசகர், சேலம்

இரண்டும் இல்லை. பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த சொசைட்டி தீவுகள் என்ற கூட்டம் இருக்கிறது. அதில் தாஹிட்டிக்குப் பக்கத்துத் தீவு மோரேயா. அந்த ஒரு தீவுதான் இதன் பிறந்த மண் என்று இன்றைய தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள். வீடு வீடாக உலகம் முழுக்கப் பரவிய செடிக்கு இவ்வளவு சிறிய பூர்வீகம்.

நர்சரிக்காரரைக் குறை சொல்லாதீர்கள். நிபுணர்களே இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுங்காலம் தடுமாறினார்கள். 1880இல் இதை முதலில் விவரித்தவர்கள் லிண்டனும் ஆந்த்ரேயும். அப்போது சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்று சொல்லப்பட்டது, போத்தோஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். உலகில் பலர் இன்றும் இதைப் போத்தோஸ் என்றே கூப்பிடுவது அந்தப் பழைய பதிவின் மிச்சம். செடியின் பேரினத்தை முடிவு செய்யப் பூ வேண்டும், இதுவோ பூக்கவே மாட்டேன் என்றது. 80 ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே போனது. 1962இல் ஒரு செடி பூத்தது. உடனே போத்தோஸிலிருந்து ராஃபிடோஃபோராவுக்கு மாற்றினார்கள். பூவை இன்னும் நுணுக்கமாகப் பார்த்த பிறகு 1964இல் எபிப்ரெம்னத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு பூ பூத்து இரண்டு வருடத்துக்குள் இரண்டு முகவரி மாற்றம்.

என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒருமுறைகூடப் பூத்ததில்லை. ஏதாவது தோஷமா?
— வாசகி, திருநெல்வேலி

உங்கள் வீட்டில் ஒரு தோஷமும் இல்லை அம்மா. குறை செடியின் மரபணுவில் இருக்கிறது.

பூப்பதற்கு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன் இதற்குத் தேவை. அதைத் தயாரிக்கும் வழியில் ஒரு குறிப்பிட்ட மரபணு சரியாக வேலை செய்யாததால், பூக்கும் அளவுக்கு ஹார்மோன் சேர்வதில்லை. 2016இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது. ஆய்வாளர்கள் அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்துப் பார்த்தார்கள், செடி பூத்தது. அதாவது பூக்கும் திறமை உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதை எழுப்பும் சமிக்ஞை மட்டும் போய்ச் சேரவில்லை.

பூ எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் அந்தூரியத்தைப் பாருங்கள். ஒரு மடல், அதன் நடுவில் விரல் போல நிற்கும் ஒரு பூத்தண்டு, அதில் நெருக்கமாகப் பதிந்த நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். சேம்பு, சேனை, அந்தூரியம், மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். பூவின் அமைப்பும் ஒன்றே.

பூ இல்லை, விதை இல்லை. பிறகு எப்படி உலகமெல்லாம் பரவியது?
— வாசகர், ஈரோடு

நம் கைகளால். நீங்கள் எதிர் வீட்டுக்கு ஒரு துண்டு கொடுக்கிறீர்கள், அவர் தன் தங்கைக்குக் கொடுக்கிறார். விதை வழியாக வந்தால் ஒவ்வொன்றும் புது ஆள். துண்டு வழியாக வந்தால் பழைய ஆளே இன்னோர் இடத்தில் வாழ்கிறார். உங்கள் தொட்டியில் இருப்பதன் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப்போனால் துண்டுக்கு முன் துண்டு, அதற்கு முன் துண்டு என்றுதான் போய்க்கொண்டிருக்கும்.

காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று நாசாவே சொல்லியிருக்கிறதாமே. எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று மேசையில் வைத்திருக்கிறோம். போதுமா?
— வாசகர், சோழிங்கநல்லூர்

கண்ணுக்குப் போதும். மூக்குக்குப் போதாது.

நாசாவுக்காக வோல்வர்ட்டன் குழு செய்த ஆய்வு 1989இல் வெளியானது. அதை யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அது நடந்தது காற்றுப் புகாத சிறிய மூடிய பெட்டிக்குள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளை உள்ளே விட்டு, செடி வைத்த பெட்டியில் அவை குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தன. அதில் தொட்டி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருந்தது. விண்கலம் போன்ற அடைத்த இடத்துக்கு அது பொருத்தமான கேள்வி. நம் அறையில் கதவு திறக்கிறது, ஜன்னல் திறக்கிறது, ஒன்றும் திறக்காவிட்டாலும் இடுக்குகள் வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த வேகத்தோடு செடி போட்டி போட முடியாது.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2019இல் கணக்குப் போட்டார்கள். இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். மிகக் குறைந்த கணக்கிலேயே 90 செடிக்கு மேல் போகிறது. நாற்காலி போட இடம் இருக்காது.

இன்னொரு செய்தி இருக்கிறது, அது எனக்கு நிஜமான நம்பிக்கை தருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயலின் ஒரு மரபணுவை மணி பிளான்ட்டுக்குள் புகுத்தினார்கள். பாலூட்டிகளின் கல்லீரலில் நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதிக்கான மரபணு அது, நம் கல்லீரலிலும் அந்த நொதி உண்டு. 2018 இறுதியில் வெளியான முடிவின்படி, மூடிய குழாயில் அந்தச் செடி குளோரோஃபார்மை மூன்றே நாளில் 82 சதவீதம் குறைத்தது. சாதாரணச் செடி இருந்த குழாயில் மாற்றமே இல்லை. அவர்கள் ஏன் மணி பிளான்ட்டை எடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? வீட்டுக்குள் எந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். பூக்காது, ஆகவே மகரந்தம் வழியாகப் புகுத்திய மரபணு வெளியே தப்பிப் போகாது. நெல்லை அம்மா தோஷமா என்று கேட்ட அதே குணம் இங்கே தகுதியாகிவிட்டது.

அப்படிப்பட்ட செடி உங்கள் மேசைக்கு வரும்வரை அலுவலக ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரவில் படுக்கையறையில் வைத்தால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமா?
— வாசகி, வேலூர்

எடுக்கும், மிக மிகச் சிறிதளவு. பக்கத்தில் படுத்திருப்பவர் அதைவிடப் பல மடங்கு எடுக்கிறார். அவரையே வைத்திருக்கிறீர்கள், செடியும் இருக்கட்டும்.

எங்கள் பூனை இலையைக் கடித்துவிட்டு வாயில் நுரை தள்ளியது. பயந்துபோனோம். விஷச்செடியா?
— வாசகி, கோவை

பயந்தது நியாயம். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. ஊசி வடிவில், கட்டுக் கட்டாக. கடித்த உடனே அவை நாக்கிலும் ஈறிலும் தொண்டையிலும் குத்தி ஏறும். எச்சில் வழியும், வாய் வீங்கும், வாந்தி வரலாம். பூனைக்கும் நாய்க்கும் குழந்தைக்கும் இதே கதைதான். முதல் கடியிலேயே எரிச்சல் தொடங்கிவிடுவதால் பெரும்பாலும் யாரும் நிறையத் தின்பதில்லை, அதுவே ஒரு காவல்.

இது நம் சமையலறைக்குப் பழகிய ஊசிதான். சேனையை நறுக்கினால் கை அரிப்பதும், சரியாக வேகாத சேம்பு தொண்டையைப் பிடிப்பதும் இதனால்தான். சேனையை நன்றாக வேகவைத்து, புளி சேர்த்து நம் பாட்டிமார் அடக்கினார்கள். மணி பிளான்ட்டை யாரும் சமைக்கப் போவதில்லை, அதனால் அது எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கடித்துவிட்டால் வாயை நீரால் துடைத்துக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஊசி இன்னொரு முறை தொண்டையைக் கடக்க வேண்டாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் தெரிந்தால் குழந்தையை மருத்துவமனைக்கும் பூனையைக் கால்நடை மருத்துவரிடமும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். கொடியை வெட்டும்போது சாறு பட்டுக் கை அரிப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வெற்றிலைக் கொடியும் இதுவும் அண்ணன் தம்பியா?
— வாசகர், கும்பகோணம்

தூரத்து உறவுகூட இல்லை. வெற்றிலையும் மிளகும் ஒரு குடும்பம். மணி பிளான்ட் ஒருவித்திலைத் தாவரம், அந்த வகையில் நெல்லுக்கும் தென்னைக்கும்தான் அது பங்காளி. மரத்தில் ஏறும் இதய வடிவ இலை என்ற தீர்வை இரண்டு வம்சமும் தனித்தனியாகக் கண்டடைந்திருக்கின்றன. அடையாளம் காண எளிய வழி: வெற்றிலையில் காம்பருகிலிருந்து ஐந்தாறு நரம்புகள் வளைந்து நுனிக்குப் போகும், கசக்கினால் காரமான வாசனை வரும். மணி பிளான்ட்டில் ஒரே நடு நரம்பு தடித்துத் தெரியும், வாசனை இல்லை. கும்பகோணத்துக்காரர் நீங்கள், முகர்ந்தாலே சொல்லிவிடுவீர்கள். தயவுசெய்து மென்று பார்க்க வேண்டாம்.

விடிகாலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் நிற்கிறது. பனி என்றால் வீட்டுக்குள் எப்படி?
— வாசகர், தருமபுரி

பனி இல்லை, செடியே வெளியே தள்ளிய நீர். பகலில் இலைத் துளைகள் வழியாக நீர் ஆவியாகிவிடும். இரவில் துளைகள் மூடிக்கொள்ளும், வேர் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தாது. உள்ளே அழுத்தம் கூடியதும் இலை நுனியில் உள்ள தனி வாய்கள் வழியாகச் சொட்டாகக் கசியும். நோய் இல்லை. மண்ணில் ஈரம் நிறைய இருக்கிறது என்பதற்கு அடையாளம், அன்றைய தண்ணீரை நிறுத்திவிடலாம்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை மஞ்சளாகி உதிர்கிறது.
— வாசகி, ஆவடி

தினமும் தவறாமல் ஊற்றுவதால்தான். வேர் மூச்சு விட வேண்டும், மண் துகள்களுக்கு நடுவே காற்று வேண்டும். காட்டில் இதன் வேர்கள் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, மழைக்கு நனைந்து, வெயிலுக்குக் காய்ந்து பழகியவை. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். கீழே உள்ள ஒரு பழைய இலை மட்டும் எப்போதாவது மஞ்சளானால் கவலை வேண்டாம், அது ஓய்வு பெறுகிறது.

பாட்டில் தண்ணீரிலேயே வளர்கிறதே, அது எப்படி மூச்சு விடுகிறது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீரில் முளைத்த வேர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்கு ஏற்றபடி வளர்கிறது. மண்ணில் பழகிய வேரைத் திடீரென்று சேற்றில் அமிழ்த்தினால் அழுகும்.

வாங்கும்போது வெள்ளைத் திட்டும் பச்சையுமாக அழகாக இருந்தது. இப்போது எல்லாமே பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், கடலூர்

உங்கள் கூடத்தில் வெளிச்சம் குறைவு. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது உணவு தயாரிக்காது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடிக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது, புது இலைகளில் பச்சையைக் கூட்டிக்கொள்ளும். மார்பிள் குயின் போன்ற வெள்ளை அதிகமான வகைகள் மெதுவாக வளர்வதும் இதே காரணத்தால்தான். கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், நேர் வெயில் வேண்டாம், இலை தீயும். முழுப் பச்சையாகப் போன தண்டை, கடைசியாகத் திட்டு இருந்த இலைவரை வெட்டிவிடுங்கள். பழைய இலையில் திட்டு திரும்பாது, புதிதாக வருவதில் எதிர்பார்க்கலாம்.

தென்கிழக்கு மூலையில் வைத்தால் பணம் வருமாமே?
— வாசகர், கரூர்

செடிக்குத் தென்கிழக்கு தெரியாது, வெளிச்சம் தெரியும். உங்கள் வீட்டுத் தென்கிழக்கில் ஜன்னல் இருந்தால் அங்கேயே வையுங்கள், இரண்டு பேருக்கும் திருப்தி.

மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள் என் மணி பிளான்ட் பாட்டில்களையெல்லாம் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். செடி மேல் என்ன கோபம்?
— வாசகி, பெரம்பூர்

செடி மேல் கோபம் இல்லை அம்மா, தண்ணீர் மேல் அக்கறை. அவர்கள் பக்கம்தான் நான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரைத்தான் விரும்பும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். கண்ணாடி பாட்டிலில் அழகாக வேர் விட்டிருக்கும் கொடி அதற்குத் தயாரான பிரசவ அறை.

தண்ணீரை மாற்றுகிறேன் என்பீர்கள். மாற்றுவது பாதி வேலை. ஏடிஸ் முட்டையை நீருக்குள் போடாது, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி நீர் தொட்டதும் பொரியும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றும்போது உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பாட்டில் வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சாலோ துணியாலோ அடைத்துவிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் நீர் நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் இதில் சமரசமே வேண்டாம்.

கடையில் இலையெல்லாம் ஓட்டையாக ஒரு பெரிய செடி இருந்தது. பெரிய மணி பிளான்ட் என்று சொல்லி விலையும் பெரிதாகச் சொன்னார்கள்.
— வாசகர், திருச்சி

அது மான்ஸ்டெரா. மெக்சிகோவிலிருந்து பனாமாவரை உள்ள காடுகளைச் சேர்ந்தது, குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. மணி பிளான்ட் பெரிதானால் ஓரத்திலிருந்து பிளக்கும். மான்ஸ்டெரா இலையின் நடுவிலேயே ஓட்டை விழும். இலை சுருண்ட குருத்தாக இருக்கும்போதே குறிப்பிட்ட இடத்துச் செல்கள் திட்டமிட்டபடி மடிந்து அந்த ஓட்டைகள் உருவாகின்றன.

எதற்கு ஓட்டை? 2013இல் கிறிஸ்டோபர் மூயர் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். அடர்ந்த காட்டில் வெயில் தரைக்குப் புள்ளிப் புள்ளியாகத்தான் வருகிறது. ஒரே அளவு இலைப் பொருளை ஓட்டை விட்டு அகலமாகப் பரப்பினால், ஏதாவது ஒரு புள்ளி மேலே விழும் வாய்ப்பு சீராக இருக்கும். ஒருநாள் விருந்து, ஒருநாள் பட்டினி என்றில்லாமல் தினமும் கொஞ்சம் கிடைக்கும். இது ஒரு விளக்கம், வேறு விளக்கங்களும் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது, காட்டின் வெளிச்சத்தை இலையின் வடிவத்தில் படிக்க முடிகிறது என்பதால்.

சரி, ஏற விட வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். அடுக்குமாடியில் மரத்துக்கு எங்கே போவேன்?
— வாசகி, வளசரவாக்கம்

தேங்காய் நார் சுற்றிய கம்பம் நர்சரிகளில் கிடைக்கிறது. நீங்களே செய்யலாம்: மூன்று நான்கு அடி பிளாஸ்டிக் குழாயில் தேங்காய் நாரைப் பரப்பித் தென்னங்கயிற்றால் இறுக்கமாகச் சுற்றுங்கள். கனமான தொட்டியில் நடுவில் ஊன்றுங்கள், இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு சாயும். கொடியைக் கம்பத்தோடு சேர்த்துக் கணுப் பக்கம் நாரைத் தொடும்படி தளர்வாகக் கட்டுங்கள். இலையைக் கட்ட வேண்டாம், காம்பின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது, அதை வளைத்து இலை தானே வெளிச்சத்துக்குத் திரும்பிக்கொள்ளும்.

முக்கியமான வேலை நாரை ஈரமாக வைப்பது. இந்தக் கொடிக்குக் கணு வேர்கள் இரண்டு வேலை செய்கின்றன. சில வேர்கள் குட்டையாக நின்று பற்றிக்கொள்ளும், சில நீண்டு நீரும் உணவும் தேடிப் போகும். நார் காய்ந்து கிடந்தால் வேர் உள்ளே நுழையாது, கம்பம் வெறும் ஊன்றுகோலாக நிற்கும், இலை பெரிதாகாது. தினமும் கம்பத்தின் மேல் கொஞ்சம் நீர் தெளியுங்கள், மண்ணுக்கு அல்ல. நல்ல வெளிச்சமும் வேண்டும். நான்கடிக் கம்பத்தில் முழு வளர்ச்சி வராது, இலை பிளப்பதைப் பார்ப்பது அரிது. ஆனால் மேலே வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிட அகலமாக விரிவதைக் கட்டாயம் பார்ப்பீர்கள். கம்பம் தீர்ந்ததும் இன்னொன்றைச் செருகி நீட்டுங்கள். நீட்டாவிட்டால் கொடி மறுபடி கீழே தொங்கித் தேட ஆரம்பித்துவிடும்.

அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. வெட்டிய கொடியை வீட்டுக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள் எறியலாம்தானே?
— வாசகர், கண்டி

எறிய வேண்டாம் ஐயா, அதுவும் உங்கள் ஊரில். உங்கள் உடவத்த கலே சரணாலயத்தில் இந்தக் கொடி பல ஹெக்டேர் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. தரையை விரிப்பு போல மறைத்து, மரங்களில் ஏறி, உள்ளூர் நாற்றுகளுக்கு வெளிச்சமே இல்லாமல் செய்கிறது. ஹவாயிலும் ஃபுளோரிடாவிலும் இதே சிக்கல். விதையே இல்லாத செடி ஒரு காட்டுக்குள் புகுந்தது என்றால், அது எங்கோ ஒரு வேலிக்கு அப்பால் விழுந்த கணுத் துண்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஏற மரமும் நனைய மழையும் கிடைத்தால் இது என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

வெட்டியதை யாராவது கேட்டால் கொடுங்கள். மிச்சத்தைச் சிமெந்துத் தரையில் வெயிலில் பரப்பி, தண்டு ஒடித்தால் மொறுமொறுவென்று உடையும்வரை காயவிடுங்கள். பச்சையாகவே உரக்குழியில் போட்டால் அங்கேயே துளிர்க்கும், நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஓடைக்கரை, காட்டோரம், காலி மனை எதிலும் ஒரு கணுகூட விழ வேண்டாம். தோட்டத்து மரத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தால் அடித்தண்டை வெட்டிவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். மேலே இருப்பது மரப்பட்டையில் வேரூன்றிப் பிழைத்துக்கொள்ளும். இழுத்து இறக்கிக் காயவிட வேண்டும்.